தோட்டமும் தோட்டாவும்

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் ஒரு வேட்டைக்காரரின் நினைவாக எழுந்தது என்பது, அவ்வழியே அன்றாடம் போய்வருவோரில் பலருக்குத் தெரியாது. 1857ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் அது. நினைவுகூரப்படுபவர் மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ்; இலங்கை றைபிள் படையணியைச் சேர்ந்தவர்; பதுளைப் பகுதியின் படைத் தலைவராகவும் நிர்வாகியாகவும் இருந்தவர். அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கு மேல் என்று, இங்கு குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். 1845 ஜூன் மாதம் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி றொஜர்ஸ் மாண்டார். செத்த யானைகளின் சாபம் என்று பேசியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

யானை வேட்டையைப் பற்றி எழுதிக் குவித்தாயிற்று. நான் எடுத்துக்கொண்டிருப்பது அதைவிட மிகச் சிறிய ஒரு பிராணியை. அதைவிடவும் சிறிய ஒரு பொருளை. பிராணி நரி. பொருள், அதன்மீது பிரயோகிக்கப்படும் வேட்டைத் துப்பாக்கித் தோட்டா. எந்தத் தோட்டாவைப் போடுவது என்பது சுடுகிறவனுடைய கேள்வி போலத்தான் தோன்றும். ஊவாத் தோட்டங்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அது சுடாதவர்களுடைய கேள்வியாக இருந்திருக்கிறது.

முதலில் நரி. இந்நாட்டு நரியினத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரே 'நரியா' என்பதுதான். 1916இல் றோட்டன் என்பவர் தென்னிந்தியாவின் குடகுப் பகுதியில் கிடைத்த மாதிரியைக் கொண்டு இப்பெயரைச் சூட்டினார். எடை எட்டு, ஒன்பது கிலோ அளவில்தான் இருக்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நம்மவர்கள் வீட்டுக் கொல்லையில் காணும் கயோட்டி இதன் ஒன்றுவிட்ட உறவு. ஆனால் உருவத்தில் பெரியது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம் மக்கள், நரி முகத்தில் விழித்தால் யோகம் என்ற நம்பிக்கையையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள். சிவபெருமான் நரியைப் பரியாக்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா? இங்கு வந்தபின் நரிக்கொம்பும் சேர்ந்துகொண்டது. கூட்டத்தின் தலைமை நரியின் மண்டையில் முடிக்குள் மறைந்து வளரும் ஒரு சிறு முளையைச் சிங்களவரும் தமிழரும் தாயத்தாகப் போற்றியதை டெனன்ட் படத்தோடு விளக்கியிருக்கிறார். நினைத்தது கைகூடும், வழக்கு வெல்லும், நகைப்பெட்டியில் வைத்தால் கள்வன் தொடமாட்டான்! கோழிக்கூட்டுக்கு வரும் நரியைவிடக் கொம்புக்காகத் தேடப்பட்ட நரிக்கே ஆபத்து அதிகம்.

இனித் துப்பாக்கி. றொஜர்ஸ் காலத்தில் தோட்டா என்ற ஆயத்தப் பொருளை எவரும் கடையில் வாங்கவில்லை. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, கட்டையைத் திணித்து, ஈயத்தை இட்டு, கோலால் இடித்துக் கெட்டிப்பதே முறை. 1848 முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், 1854இல் வெளிவந்த தமது வேட்டை நூலில், 21 றாத்தல் எடையுள்ள ஒரு துப்பாக்கியைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறார். அத்தகைய சுமையைத் தூக்கிக்கொண்டு துரைக்குப் பின்னால் காட்டில் நடந்தவர்கள் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலை அந்த மலைகளைப் பிடித்துக்கொண்ட காலத்தில், துப்பாக்கியும் மாறிவிட்டது. பின்புறம் மடித்துத் திறக்கும் இரட்டைக் குழல் வந்தது. காகித உறையில் மருந்தும் ரவையும் அடைத்து, முகப்பில் எண் அச்சிட்ட தோட்டா வந்தது. புகையிரதம் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த எண்களைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 12 போர் என்றால், ஒரு றாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றில் ஒன்று கச்சிதமாக நுழையும் குழல். சுமார் பதினெட்டரை மில்லிமீற்றர். ஒரு தோட்டாவில் ஏறக்குறைய 30 கிராம் ஈயம் அடைக்கப்படும். அதை எத்தனையாகப் பிரிப்பது என்பதே தெரிவு. எஸ்.ஜி. என்றால் எட்டு அல்லது ஒன்பது பெரும் ரவைகள், ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீற்றருக்கு மேல். ஏ.ஏ.ஏ. என்றால் முப்பத்தைந்துக்கு மேல். பி.பி. என்றால் எழுபத்தைந்து அளவில், நான்கு மில்லிமீற்றர் பருமன். நான்காம் நம்பர் என்றால் நூற்றெண்பது. ஆறாம் நம்பர் பறவைக்குரியது.

தோட்டத்தில் நரியைச் சுடும் தூரம் பெரும்பாலும் இருபது கஜத்துக்குள்தான். பத்தனைப் புல்வெளியில் அது தொலைவிலேயே மனிதனைக் கண்டு நழுவிவிடும். கிட்டத்தில் அகப்படுவது கோழிக்கூட்டருகே, ஆட்டுப்பட்டியருகே, லயத்துக் கானோரத்தில். இவ்வளவு கிட்டத்தில் பெரிய ரவையே உறுதியாகக் கொல்லும் என்று நினைப்பவர்கள் ஏராளம். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. வாய் குறுக்கப்படாத நேர்க்குழலில் இருந்து புறப்படும் ரவைகள், இருபது கஜத்தில் சுமார் 80 சென்ரிமீற்றர் அகலமுள்ள வட்டமாக விரிந்துவிடும். நரியின் நெஞ்சும் ஈரலும் அடங்கிய இடம் ஒரு பள்ளிக் கொப்பியின் அளவுகூட இல்லை. அந்த வட்டத்தில் ஒன்பது எஸ்.ஜி. ரவைகளைச் சமமாகப் பரப்பினால், உயிர்நிலையில் சராசரியாக ஒன்றுகூட விழாது. குடலிலோ காலிலோ ஒன்று பட்டு, நரி புதருக்குள் போய் இரண்டு நாள் கழித்துச் சாகும். அதே வட்டத்தில் பி.பி. என்றால் நான்கு ரவைகள் விழும்; அந்தத் தூரத்தில் எட்டுக் கிலோ விலங்கை உடனே வீழ்த்த அவை போதும். பத்துப் பன்னிரண்டு கஜமென்றால் நான்காம் நம்பரே தாராளம். 1870களில் பரவிய வாய் குறுகிய குழல், அதாவது சோக், வட்டத்தை ஏறத்தாழப் பாதியாக்கும், அப்போதும் எஸ்.ஜி.யின் கணக்கு இரண்டைத் தாண்டாது.

இதைவிட முக்கியமானது தவறிய ரவை எங்கே போகிறது என்பது. ரவை எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரம் போகும். பிரெஞ்சுப் படை அதிகாரி ஷூர்னே வகுத்த விதியின்படி நான்காம் நம்பர் ரவை அதிகபட்சம் 240 மீற்றர், பி.பி. 320 மீற்றர், எஸ்.ஜி. 650 மீற்றருக்கும் அப்பால். தேயிலை மலையை ஒரு கணம் கண்முன் கொண்டுவாருங்கள். இடுப்பளவு செடிகள். இடையிடையே கருங்கற்பாறைகள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிரைபிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்கள். வளைவுக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்பது இப்பால் நிற்பவனுக்குத் தெரியாது. பாறையில் பட்ட ஈயம் எந்தத் திசையில் திரும்பும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். லயத்தருகே சுட்டால் நரிக்குப் பின்னால் இருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றின் கதவு. ஆகவே கிட்டத்துத் தெரிவு சிறிய ரவை என்பதில் எனக்கு ஐயமில்லை. நரியின் நிமித்தம் பாதிக் காரணம். கதவின் நிமித்தம் மீதிக் காரணம்.

ஆனால் வழியில் காட்டுப்பன்றியோ சிறுத்தையோ எதிர்ப்பட்டால் உதவும் என்று இரண்டு குழலிலும் எஸ்.ஜி.யை இட்டுக்கொண்டு திரிவது வேட்டைக்காரர்களின் பழைய சபலம். புதர் கலைக்க அனுப்பப்படுபவர்கள் துப்பாக்கிக்கு எதிரே நடந்து வருகிறவர்கள். துரை எந்தப் பெட்டியைத் திறந்தார் என்று கேட்கும் இடத்தில் அவர்கள் இல்லை.

இந்த நிலையைச் சட்டமும் உறுதிப்படுத்தியது. 1915 கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கச்சேரி ஏற வேண்டும். பயிர்க்காவல் என்று விண்ணப்பிப்பவருக்குக் காவல் காக்கச் சொந்தப் பயிர்நிலம் இருக்க வேண்டும். பசறை, லுணுகலைப் பக்கத்துக் கிராமத்து விவசாயி அதைக் காட்ட முடிந்தது. நூறாண்டு உழைத்தும் லயத்தறையின் நான்கு சுவர்கூடத் தனக்குச் சொந்தமில்லாத தொழிலாளி எதைக் காட்டுவார்? வீட்டுப்புறத்து மரக்கறிப் பாத்தியில் பன்றி இறங்கினால் தகரத்தைத் தட்டுவதே அவருடைய ஆயுதம்.

துப்பாக்கி எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதை 1940ஆம் ஆண்டு பளிச்சென்று காட்டியது. அவ்வாண்டு ஜனவரியில் கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் சூட்டில் இறந்தார். வேலைநிறுத்த அலை மலையேறி ஊவாவுக்கு வந்தது. பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்தில், லங்கா சமசமாஜக் கட்சியின் செல்வாக்கில் இருந்த தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள்; அச்சபையைக் கலந்தே காரியம் நடத்துவதாகத் தோட்டத் துரை இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்ட அனுப்பப்பட்ட ஆயுதப் பொலிஸ் குழுவொன்றைத் தொழிலாளர்கள் நிராயுதபாணிகளாக்கினார்கள். பறித்த துப்பாக்கியைக் கொண்டு அவர்கள் எவரையும் சுட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. நம் மலையகத்துப் பாடப்புத்தகங்களில் கோவிந்தனுக்குக் கிடைக்கும் இரண்டு வரியாவது வெவெஸ்ஸவுக்கும் கிடைத்திருக்கலாம்.

முப்பத்தோராண்டுகள் கழித்து, 1971 ஏப்ரல் 5ஆம் திகதி அதிகாலையில், அதே ஊவாவின் வெள்ளவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதோடு மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தது. குறித்த நேரத்துக்கு முன்னரே நடந்துவிட்ட தாக்குதல் அது. கிளர்ச்சியாளரிடம் இருந்தவை பெரும்பாலும் வேட்டைத் துப்பாக்கிகளும் கையால் செய்த குண்டுகளும். பன்றிக்கென்று வாங்கப்பட்ட எஸ்.ஜி. தோட்டா கிட்டத்தில் மனிதனை என்ன செய்யும் என்று நாடு அறிந்துகொண்டது. அதன் பின்னர், வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் கிராமத்தானை அரசாங்கம் பழைய கண்ணால் பார்க்கவில்லை.

துப்பாக்கி குறைந்தால் வன உயிர்கள் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு தரப்பார் எழுதுகிறார்கள். நகரத்தில் இருந்துகொண்டு அப்படி எழுதுவது சுலபம். பன்றிக்குத் துப்பாக்கி இல்லாத இடத்தில் கம்பிக் கண்ணி வந்திருக்கிறது. வாகனத்தின் பிரேக் கம்பியைச் சுருக்காக்கி, ஒற்றையடிப் பாதையில் நரியின் கழுத்துயரத்திலோ பன்றியின் கழுத்துயரத்திலோ கட்டிவிட்டால் போதும். அதற்கு உரிமமும் வேண்டாம், செலவும் இல்லை. கொழுந்து மலைகளை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் சிறுத்தைகளும் இத்தகைய கண்ணிகளில் சிக்கி இறக்கின்றன. ஊவாவுக்கு மேற்கே, நல்லதண்ணியை அடுத்த லக்ஷபானத் தோட்டத்தில் 2020 மே 26ஆம் திகதி ஒரு கருஞ்சிறுத்தை கண்ணியில் அகப்பட்டிருக்கக் கண்டார்கள். மயக்க மருந்து செலுத்தி மீட்டுச் சிகிச்சைக்குக் கொண்டுசென்றும் 29ஆம் திகதி அது இறந்துபோயிற்று. பன்றிக்காக வைக்கப்பட்ட கண்ணி அது.