ஐந்தாவது கியர்: பழைய அமெரிக்கக் கார்கள் சொல்லும் ஒரு வரலாறு



பழைய பொருளொன்றைப் பாதுகாப்பது என்றால் என்ன? வந்த நாளில் இருந்தபடியே மூடி வைப்பதா? காலத்துக்குத் தேவையான ஒரு பகுதியை மாற்றித் தொடர்ந்து பாவிப்பதா?

அமெரிக்காவின் கராஜ்களில் இந்தக் கேள்வி பல ஆண்டுகளாகக் கேட்கப்படுகிறது. 1960களில் வந்த ‘மசில் கார்’ எனப்படும் வேகக் கார்களில், கம்பனி பூட்டிய நான்கு கியர் பொக்ஸைக் கழற்றிவிட்டு, வெளிச் சந்தையில் வாங்கிய ஐந்து கியர் பொக்ஸைப் பூட்டலாமா என்பதுதான் விவாதம். கார்க் கதைதானே என்று கடந்து போக வேண்டாம். பெற்றோல் விலை, யுத்தம், நெடுஞ்சாலை, வேகச் சட்டம் எல்லாம் இந்த ஒரு பெட்டிக்குள் இருக்கின்றன. தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

கால் மைலுக்காகப் பிறந்த கார்

1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்குள் ஒரு விதி இருந்தது. நடுத்தர அளவுக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் போடக்கூடாது. அதன் பொன்டியாக் பிரிவில் தலைமைப் பொறியியலாளராக இருந்த ஜோன் டிலோரியனும் குழுவினரும் இதற்கு ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். விதி காருக்குத்தானே, வாங்குபவர் மேலதிகப் பணம் கொடுத்துத் தெரிவுசெய்யும் பொருளுக்கு இல்லையே! டெம்பெஸ்ட் என்ற சாதாரணக் காருக்கு 389 கன அங்குல, அதாவது 6.4 லீற்றர் வி8 எஞ்சினை விருப்பத் தெரிவாக வைத்தார்கள். 1964இல் ஜிடிஓ பிறந்தது இப்படித்தான். 325 குதிரைவலு. முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றுத் தீர்ந்தன. மற்றக் கம்பனிகளும் அதே வழியில் இறங்கின.

வேகத்தை விரும்பிய இளைஞர்கள் கேட்டது நான்கு கியர் கொண்ட கைக் கியர் பொக்ஸ். ஜெனரல் மோட்டர்ஸுக்கு இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில் அதைச் செய்தார்கள். ஊரின் பெயரே கியர் பொக்ஸின் பெயரானது. அதில் எம்22 என்ற வகையின் பற்கள் ஓரளவு நேராக வெட்டப்பட்டதால் பலம் கூடியது, சத்தமும் கூடியது. ‘கல்லுடைப்பான்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். போர்ட் காருக்கு ‘டொப்லோடர்’, கிறைஸ்லர் கார்களுக்கு ‘833’.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விடயம் உண்டு. நான்காவது கியரின் விகிதம் 1.00. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்னால் போகும் புரொப்பெலர் ஷாஃப்டும் ஒரு சுற்று. அதற்கு மேல் இளைப்பாற ஒரு கியர் கிடையாது.

அறியாமையால் அப்படி விடவில்லை. எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ‘ஓவர்டிரைவ்’ முறை 1930களிலேயே கிறைஸ்லர் கார்களில் இருந்தது. ஆனால் மசில் காரின் பந்தயத் தூரம் கால் மைல், அதாவது 402 மீற்றர். ஒரு சிக்னல் விளக்கிலிருந்து அடுத்த விளக்குவரை முந்த வேண்டும். பெற்றோல் ஒரு கலன் சுமார் 30 சதம். மிச்சம் பிடிப்பதைப் பற்றி யாருக்குக் கவலை?

ஒரு சின்னக் கணக்கு

பாய்ச்சல் கிடைக்க வேண்டும் என்று பின் டிபரன்ஷியலுக்கு 3.55, 3.73, 4.10 போன்ற விகிதங்களைப் போட்டார்கள். 26 அங்குல விட்டமுள்ள டயரும் 3.73 டிபரன்ஷியலும் உள்ள காரை எடுத்துக்கொள்வோம். நமது தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்படும் 100 கிலோமீற்றர் வேகத்தில் அந்தக் கார் போனால், நான்காவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்றுச் சுற்றும். 0.68 விகிதமுள்ள ஐந்தாவது கியர் இருந்தால் ஏறத்தாழ 2,040 சுற்றுப் போதும். ஒரு மணித்தியாலத்துக்கு 57,000க்கு மேற்பட்ட சுற்றுகள் மிச்சம். சூடு, சத்தம், தேய்மானம், பெற்றோல் எல்லாமே இந்த மிச்சத்துக்குள் அடங்கும்.

பிள்ளைகளே, கியர் விகிதம் என்பது பரீட்சைக்கு மட்டும் உரிய பாடம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

காலம் மாறியது

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், உயர்ந்த காப்புறுதிக் கட்டணம், ஈயம் குறைந்த பெற்றோலுக்காகக் குறைக்கப்பட்ட எஞ்சின் அழுத்தம் ஆகியவை மசில் காரைத் தளர்த்தின. 1973 ஒக்டோபரில் அரபு–இஸ்ரேல் யுத்தம் மூண்டது. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெற்றோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள். வரிசையில் நிற்பது என்னவென்று 2022இல் நாமும் நன்றாகவே கற்றுக்கொண்டோம்.

1974 ஜனவரியில் ஜனாதிபதி நிக்சன் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், சுமார் 88 கிலோமீற்றர், என்ற வேக எல்லைக்கான சட்டத்தில் கையொப்பமிட்டார். நேற்றுவரை பெருமையாக இருந்த கார்கள் மலிவு விலைப் பழைய வாகனங்களாகின. கிறைஸ்லர் நிறுவனம் தனது 833 பெட்டியின் பற்களை மாற்றி, மேல் கியரை 0.73 ஓவர்டிரைவாக்கி விற்றது. ஒரு காலத்தின் பந்தயப் பெட்டி, அடுத்த காலத்தின் சிக்கனப் பெட்டியானது.

1980களில் போர்க்-வோர்னர் நிறுவனத்தின் டி5 என்ற ஐந்து கியர் பொக்ஸ் வந்தது. 1983 முதல் மஸ்டாங் கார்களிலும் அது பூட்டப்பட்டது. அந்த மஸ்டாங்குகள் விபத்தில் சிக்கிப் பழைய இரும்புக் கடைக்கு வந்தபோது, 1960களின் மஸ்டாங் வைத்திருந்தவர்கள் கியர் பொக்ஸை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள். மலிவாக ஐந்தாவது கியர் கிடைத்தது. ஆனால் டி5 தாங்கும் முறுக்கு விசை சுமார் 300 இறாத்தல்-அடிதான். 1970ஆம் ஆண்டின் செவெல் காரின் 454 கன அங்குல எஞ்சினோ 500 இறாத்தல்-அடி கொடுத்தது. பலவீனமான பல், பலமான எஞ்சினுக்கு முன்னால் நிற்குமா?

1987இல் கிராமப்புற நெடுஞ்சாலைகளில் எல்லை 65 மைலாக உயர்ந்தது. 1995இல் தேசிய வேக எல்லையே நீக்கப்பட்டது. அதே 1995இல் டெட்ரொய்ட் அருகே, சிறுவர்களின் உதைபந்தாட்ட மைதானத்துக்கு நிதி சேர்ப்பதற்காக வூட்வார்ட் வீதியில் பழைய கார்களின் ஊர்வலம் ஒன்றை நடத்தினார்கள். அது இன்று பெரும் ஆண்டு விழா. மக்கள் பழைய காரை மீண்டும் வெளியே எடுத்தார்கள். தூரப் பயணம் போக விரும்பினார்கள். 55 மைலில் பொறுத்துக்கொள்ளக்கூடிய நான்கு கியர், 70 மைலில் காதைப் பிளந்தது.

அந்த 1990களிலேயே போர்க்-வோர்னரின் கைக் கியர் பொக்ஸ் தொழில், மெக்சிகோவின் கெரெத்தாரோ நகரில் தொழிற்சாலை வைத்திருக்கும் ‘ட்ரெமெக்’ நிறுவனத்தின் பக்கம் போனது. ட்ரெமெக் செய்த டிகேஓ வகையும், 2020களின் தொடக்கத்தில் அதன் இடத்துக்கு வந்த டிகேஎக்ஸ் வகையும் பழைய கார்களுக்கென்றே விற்கப்பட்டவை. டிகேஎக்ஸ் 600 இறாத்தல்-அடி தாங்கும். அமெரிக்கப் பெருமையின் அடையாளமான கார், இன்று மெக்சிகோத் தொழிலாளியின் கைவேலையால் ஓடுகிறது.

கழற்றிப் பூட்டுவது

சொல்ல எளிது, செய்யப் பொறுமை வேண்டும். எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூட்டின் துளை, எஞ்சினின் நடுவோடு ஒத்திருக்க வேண்டும். 0.005 அங்குலத்துக்கு மேல் விலகினால் கியர் விழ மறுக்கும், பெயாரிங் தேயும். புதிய பெட்டியின் நீளம் வேறு என்றால் புரொப்பெலர் ஷாஃப்டை அளவெடுத்து மாற்றிச் சமநிலை பார்க்க வேண்டும். அதன் சாய்வுக் கோணம் பிழைத்தால் கார் நடுங்கும். பின்தாங்கிச் சட்டம், கிளச், வேகமானியின் பல் எல்லாம் புதிய பெட்டிக்குப் பொருந்த வேண்டும். பெரிய பெட்டியாக இருந்தால், பல கார்களில் நடுத்தளத்தின் மேட்டையே வெட்டவும் நேரும்.

வெட்டும் இடத்தில்தான் விவாதம் சூடாகிறது.

இலக்கமும் விலையும்

1968 மொடல் முதல் அமெரிக்கக் கார்களின் எஞ்சினிலும் கியர் பொக்ஸிலும் காரின் இலக்கத்தின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டது. திருட்டைத் தடுக்க வந்த அந்த இலக்கம், பின்னாளில் காரின் பிறப்புச் சான்றிதழானது. 2014இல் 1971ஆம் ஆண்டின் திறந்த கூரை ஹெமி குடா ஒன்று 35 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அந்த வகையில் நான்கு கியர் பூட்டி வந்தவை மிகச் சில என்பதும் அந்த விலைக்கு ஒரு காரணம். அப்படியான காரின் பெட்டியைத் தூக்கி எறிவது, பழைய உறுதியைக் கிழித்துப் போடுவது போல.

ஆனால் எல்லாக் கார்களும் குடா இல்லை. ஓடாமல் நின்று துருப்பிடிக்கும் காரும் ஒரு இழப்புத்தானே?

அனுபவசாலிகள் கண்ட நடுவழி இது: தளத்தை வெட்டாதே, இருக்கும் ஆணித் துளைகளில் பூட்டக்கூடிய பெட்டியைத் தெரிவுசெய், கழற்றியதை எண்ணெய் பூசிச் சுற்றி வைத்துக்கொள். நாளை இன்னொருவர் பழையபடி பூட்ட விரும்பினால் வழி திறந்திருக்க வேண்டும். நூதனசாலைகளில் பழம்பொருட்களைப் பேணுவோரும் இதே கொள்கையைத்தான் மதிக்கிறார்கள்: செய்யும் மாற்றம் மீளக்கூடியதாக இருக்கட்டும்.

என் பார்வையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான். நமது நாட்டிலும் மொரிஸ் மைனருக்கு ஜப்பான் எஞ்சினும் கியர் பொக்ஸும் பூட்டி ஓட்டியவர்கள் ஏராளம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழையதைத் திருத்தி ஓட்டுவதன் அருமை இன்னும் விளங்கியது. அந்தக் கைகளை நான் மதிக்கிறேன். ஆனால் கழற்றிய பொருட்கள் எங்கே? பெரும்பாலும் இரும்பு விலைக்குப் போய்விட்டன. எதை, எந்த ஆண்டில், யார் மாற்றினார் என்ற குறிப்புக்கூட இல்லை.

உங்கள் வாப்பாவோ காக்காவோ வைத்திருந்த பழைய வாகனம் இன்னும் வளவுக்குள் நின்றால், தேவையானதை மாற்றுங்கள், ஓட்டுங்கள். கழற்றியதில் ஒரு சீட்டைக் கட்டி, திகதியும் மாற்றிய பாஸின் பெயரும் எழுதி, பத்திரமாக வையுங்கள். ஒரு படமும் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

அப்படி எதையாவது வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகளை அழைத்துவந்து காட்ட ஆசை.