கரிசல் மல்லியும் ரஷ்யத் தைலமும்

விளாத்திகுளம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு மிளகாய்தான் ஞாபகம் வரும். கூடவே மல்லியையும் சேர்த்துக்குங்க மக்களே. புதூர், எட்டயபுரம், கோவில்பட்டின்னு இந்தக் கரிசக்காட்டுல ஐப்பசி மழையை நம்பி மானாவாரியா விதைக்கிற பயிர் அது. மணியைத் தேய்ச்சு ரெண்டா உடைச்சு விதைப்பாங்க. மூணு மாசத்துல, தை மாசி வாக்கில் அறுப்பு. அந்த நேரத்துல ஒரு மழை அடிச்சுட்டா மணி கறுத்துப் போகும், விலையும் போச்சு.

மல்லிக்குள்ள ஒரு தைலம் இருக்கு. அதோட சரித்திரத்தைத் தேடப் போனா, நம்ம மல்லி அதுல இல்லவே இல்லை!

மல்லியின் பூர்வீகம் மேற்கு ஆசியா, மத்தியதரைக் கடல் பக்கம். கி.மு. 1323 வாக்கில் செத்துப்போன எகிப்து ராஜா துட்டன்காமனின் கல்லறையை 1922-ல் கண்டுபிடிச்சப்போ, உள்ளே அரை லிட்டர் அளவுக்கு மல்லி இருந்துச்சு. கிரேக்கர்கள் வச்ச பேருக்கு மூலம் மூட்டைப்பூச்சின்னு ஒரு விளக்கம் உண்டு. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. பச்சைக் காயின் தோலில் இருக்கிற எண்ணெய்க் குழல்கள்ல அந்த நாத்தம்தான் அடிக்கும். காய் முத்தக் காய அந்தக் குழல்கள் வத்திப்போய், உள்ளே இருக்கிற குழல்கள் மட்டும் மிஞ்சும். அதுல இருக்கிறது லினலூல், நமக்குத் தெரிஞ்ச மல்லி வாசம். தைலத்துல முக்கால்வாசி அதுதான். முழு மணியில வாசம் குறைவா இருந்து, இடிச்சா தூக்குறதும் அதனாலதான்.

பாரிஸ் கார்மெலைட் துறவிகள் 1611 வாக்கில் செஞ்சதாகச் சொல்லப்படுற மருந்துத் தண்ணியிலும் மல்லி சேர்ந்திருந்தது. தலைவலி, வயித்துக் கோளாறுக்குக் குடிச்சிருக்காங்க. 1830கள்ல ரஷ்யாவின் வரோனெஷ் பக்கம் சாகுபடி ஆரம்பிச்சு, அப்புறம் சோவியத் நாடு உலகத்துலேயே பெரிய மல்லித் தைல உற்பத்தியாளர் ஆச்சு. மருந்தை விட அத்தர், சோப்பு வேலைக்குத்தான் அதிகம் போச்சு. செயற்கை லினலூல் வந்ததும் அந்த மவுசும் குறைஞ்சது.

நம்ம மல்லி ஏன் போகலை? ரஷ்ய மணி பொடிசு. நூறு கிலோவைக் காய்ச்சி வடிச்சா ஒரு கிலோவுக்கு மேல தைலம் கிடைக்கும். நம்ம மணி உருண்டு திரண்டு பார்க்க லட்சணமா இருக்கும், ஆனா நூறு கிலோவுக்கு அரைக் கிலோ கூடத் தேறாது. பொடிக்கு ஏத்தது, வடிக்க ஏத்ததில்லை. கடையில மல்லித் தைலம்னு குப்பியில விக்கிறது கரிசக்காட்டுச் சரக்குன்னு நினைச்சு வாங்கிடாதீங்க.

மருத்துவ குணம்? செரிமானக் கோளாறுக்கும் பசியின்மைக்கும் மல்லி விதையை ஜெர்மனியின் 'கமிஷன் ஈ' ஏத்துக்கிட்டிருக்கு. 2011-ல் போர்ச்சுகல் ஆராய்ச்சியாளர்கள் 12 பாக்டீரியா ரகங்கள் மேல தைலத்தைச் சோதிச்சப்போ, அது பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்குதுன்னு தெரிஞ்சது. ஆனா அது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. அதை நம்பி யாரும் குப்பித் தைலத்தை வாயில ஊத்திக்க வேண்டாம், குழந்தைகளுக்குக் கண்டிப்பா கூடாது.

நமக்குச் சுக்குமல்லிக் காப்பி போதும். உடன்குடிக் கருப்பட்டி கிடைச்சா இன்னும் விசேஷம். ஒரே ஒரு விஷயம்: அரை மணி நேரம் திறந்து வச்சுக் கொதிக்க விட்டா தைலம் ஆவியோட போயிடும். வீடு மணக்கும், டம்ளர்ல ஒண்ணும் இருக்காது. மல்லியைக் கடைசியா இடிச்சுப் போட்டு, இறக்கி, தட்டு போட்டு மூடி வைங்க.