புண்ணோம்பும் பாட்டு: காஞ்சிப்பண்ணும் ஆய்ச்சியர் குரவையும்

இசையும் கூத்தும் உடல்நலம் பேணும் என்னும் கருத்துக்குப் பழந்தமிழ்ச் சான்று தேடுவோர் பெரும்பாலும் சுட்டுவது புறநானூற்றின் 281ஆம் பாடலாகும். அரிசில்கிழார் பாடிய அப்பாடலில், போரில் புண்பட்ட வீரனைக் காக்க ஒரு பெண் தன் தோழியை அழைக்கிறாள். மனையில் இரவத்தழையும் வேம்பும் செருகப்படுகின்றன. யாழொடு பல இயங்களும் ஒலிக்கின்றன. மையிழுது பூசி, ஐயவி தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி ஒலித்து, நறும்புகை எழுப்பிக் காஞ்சி பாடிக் காப்போம் வா என்கிறாள். இதனைப் 'பழந்தமிழர் இசை மருத்துவம்' எனக் கூறிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் புண் ஆறியதாகப் பாடலில் ஒரு சொல்லும் இல்லை, காத்தலே பேசப்படுகிறது. தொல்காப்பியப் புறத்திணையியலும் புண்ணோனைப் பேய் நெருங்காமல் மனைவி காப்பதைத் தொடாக்காஞ்சி எனப் பெயரிட்டு, நிலையாமை பேசும் காஞ்சித்திணையிலேயே வைக்கிறது.

எனவே அவ்விசை யாருக்கு நலம் செய்தது என்பதே வினவத்தக்கது. 281இல் காக்கும் பணி ஒருத்தியின் தனிப்பணியன்று. தோழியும் அதில் பங்குகொள்கிறாள். 296ஆம் பாடலில் வேம்பு ஒடித்தலும் காஞ்சி பாடலும் ஐயவி புகைத்தலுமாக எல்லா மனைகளும் ஆரவாரிக்கின்றன. ஒருவனது தேர் மட்டும் திரும்பவில்லை. பாடிக் காப்பதற்குப் புண்பட்டவனேனும் வந்துசேர வேண்டுமன்றோ? மலைபடுகடாத்தில் போரும் இல்லை. புலி பாய்ந்த கணவர் மார்பின் புண் தணியக் கொடிச்சியர் காப்பாகப் பாடும் பாட்டு, மலையில் கேட்கும் பல்வேறு ஓசைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அந்த அளவுக்கு அது அன்றாட வழக்கமாக இருந்தது போலும்.

பாடுவோரின் மனநிலையைக் கூடுதலாகக் காட்டுவது சிலப்பதிகாரம். குடத்துப்பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்ணில் நீர் வடிகிறது, ஆக்களின் மணிகள் அறுந்து விழுகின்றன. வரவிருப்பது தீங்கு என்று உணர்ந்த மாதரி, கறவைகளும் கன்றுகளும் துயர் நீங்குமாறு கண்ணகி காணக் குரவையாடலாம் என்கிறாள். எழுவர் ஆய்மகளிர்க்குக் குரல் முதல் தாரம் வரையான ஏழிசைப் பெயர்களை இடுகிறாள். அவர்கள் வட்டமாய் நின்று கைகோத்து ஆடுகின்றனர். இங்கு ஒவ்வொருத்தியும் ஒரு சுரம். ஒருத்தி விலகினாலும் பண் குறைபடும். அஞ்சிய மகளிரை இவ்வாறு ஒன்றுசேர்ப்பதையே குரவையின் மெய்ப்பயன் எனலாம். தீங்கைத் தடுக்கும் ஆற்றலை இளங்கோவடிகள் அதற்கு அளிக்கவில்லை. ஆட்டம் முடிந்தபின் ஊரரவம் கேட்டு விரைந்து வந்த ஒருத்தி, கண்ணகியிடம் எதுவும் சொல்ல இயலாமல் நிற்கிறாள்.