பள்ளிக்குப் போகும் வழி

பள்ளி வருகைப் பதிவேட்டை நாம் வரலாற்று ஆவணமாக வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும் என்று சொல்லவே வந்திருக்கிறோம். சேரிப் பிள்ளை பத்து நாள் வரவில்லை என்றால், 'அக்கறையில்லாத பெற்றோர்' என்று ஆசிரியர் அறையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சமூகவியல் படித்த காலத்தில் நாங்களும் 'இடைநிற்றல்' என்ற சொல்லை ஏறக்குறைய அப்படித்தான் கற்றோம். வறுமை, அறியாமை, குழந்தை உழைப்பு என்று காரணங்களை அடுக்கிய பாடத்தில், வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே கிடக்கும் சாலையைப் பற்றி ஒரு பத்திகூட இருந்ததாக நினைவில்லை.

அந்தச் சாலை நம் முன்னோர்க்குச் சும்மா கிடைத்ததல்ல. இரட்டைமலை சீனிவாசன் கோவையில் படித்த நாட்களைத் தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் பதிவு செய்திருக்கிறார். ஏறத்தாழ 400 மாணவர் படித்த பள்ளி. பத்துப் பேர் தவிர மற்றவரெல்லாம் பிராமணர். நெருங்கிப் பழகினால் தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்ற அச்சத்தில், பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்து வகுப்பு கூடிய பிறகே உள்ளே நுழைவார். வகுப்பு கலைந்ததும் யாரும் கூடவர முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடப்பார். இன்றைய பதிவேடு அவரைத் 'தாமதமாக வருபவர்' என்றுதான் எழுதியிருக்கும். அந்தச் சிறுவன்தான் வளர்ந்து, 1924இல் சென்னை சட்டசபையில், பொதுச்சாலைகளையும் கிணறுகளையும் எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். இரண்டையும் சேர்த்து வாசிக்கிறவர்கள் குறைவு.

தெற்கே திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893இல் வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். பள்ளி நுழைவுப் போராட்டம் அதற்குப் பிறகுதான். பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் அழைத்துப் போனார். அந்தப் பள்ளியையே கொளுத்தினார்கள். முதலில் சாலை, அப்புறம் பள்ளி. இந்த வரிசையைத் தற்செயல் என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மோட்டார் பஸ் வந்தபோது தீண்டாமையும் அதில் ஏறிக்கொண்டது. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகள் தமிழகத்தில் வெளிப்படையாகவே இருந்தார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சுயமரியாதைத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கிற பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். உரிமத்தில் கைவைத்த பிறகுதான் கதவு திறந்தது. புத்திமதியால் திறக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பஸ்கள் அரசுடைமையான பிறகு இந்தக் கதை முடிந்துவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. 1997 மே மாதம், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மனின் தளபதி, ஆனால் நம்மவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். பஸ்கள் மீது கல் விழுந்தது, தென்மாவட்டங்களில் கலவரம் பரவியது. ஜூலையில் அரசு கண்ட தீர்வு, எல்லாத் தலைவர் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் நீக்கியது. இன்று நாம் ஏறும் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்ற பொதுப்பெயரின் பிறப்புக் கதை இது. அந்த மாதங்களில் பஸ் ஓடாததால் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைப் பற்றி, காரணத்தோடு எழுதிய ஒரு பதிவேட்டையும் நாங்கள் பார்த்ததில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வெட்டப்பட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் அதற்கு முன் சில நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தவர்தான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது; உடன்படிக்கும் மாணவர்களின் தொல்லையைச் சொன்னார். சொன்ன பிறகுதான் வீடு புகுந்து வெட்டினார்கள். 2025 மார்ச்சில் திருவைகுண்டம் அருகே, தேர்வெழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவரை இறக்கி விரல்களை வெட்டினார்கள். அவரிடம் இலவசப் பயண அட்டை இருந்ததா என்ற கேள்விக்கு இங்கே என்ன பொருள்?

கல்வி உரிமைச் சட்ட விதிகள் ஐந்தாம் வகுப்புவரை 1 கிலோமீட்டர், எட்டாம் வகுப்புவரை 3 கிலோமீட்டருக்குள் பள்ளி என்கின்றன. கிலோமீட்டர் கணக்கு சரிதான். அந்த ஒரு கிலோமீட்டர் யார் தெரு வழியாகப் போகிறது என்பதை எந்த விதியும் அளக்கவில்லை.

நாங்கள் வேலை செய்யும் பகுதியில் ஒரு காலனி இருக்கிறது. காலை பஸ் காலனியைத் தாண்டி ஊர்ச் சாவடியில்தான் நிற்கும். அங்கே நின்றால் பையன்கள் சீண்டுகிறார்கள் என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் வாய்க்கால் கரையோரம் சுற்றி நடக்கிறார்கள். மழைக்காலத்தில் கரை உளையாகிவிடும், பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அவர்கள் பெயருக்கு நேரே வரிசையாக 'வரவில்லை' என்றிருப்பதைப் பார்த்தோம். தலைமையாசிரியர் நல்லவர்தான், "மழைன்னா இவங்க வர மாட்டாங்க சார்" என்றார்.

காலனி முன்பாக ஒரு நிறுத்தம் கேட்டு, குறைதீர் நாளில் தாய்மார்களோடு போய் மனு கொடுத்தோம். பயணிகள் எண்ணிக்கை போதாது என்று பதில் வந்தது. ஏறுகிற இடத்தில் பஸ் நிற்காதபோது எண்ணிக்கை எங்கிருந்து வரும் என்று கேட்டு மறுபடி எழுதியிருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகளின் வருகைக் கணக்கையும் கையோடு எடுத்துப் போகிறோம்.