போதனா

களுபோவில ஆஸ்பத்திரி என்றால்தான் பஸ் கொண்டக்டருக்கு விளங்கும். பெயர்ப்பலகையிலோ அது கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை. 'போதனா' வடமொழிப் 'புத்' வேரில் பிறந்தது. அறிதல், விழித்தல் என்று பொருள். புத்தரும் போதியும் அதே வேர்தான். நமது 'போதனை' பெரும்பாலும் பிரசங்கமாகச் சுருங்கிவிட்டது. இங்கே அது கற்பித்தல். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் வார்டில், கட்டிலருகே நின்று படிக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தின் லெய்டனில் மருத்துவர் பூர்ஹாவே பெயர்பெறச் செய்த முறை அது.

சிங்களத்தில் இதே இடம் 'ஷிக்ஷண' ரோஹல. வடமொழியில் 'சிக்ஷா' கல்வி. தமிழுக்கு வந்த 'சிட்சை'யில் தண்டனையே முந்தி நிற்கிறது. பேராசிரியர் ரவுண்ட்ஸ் வரும் காலையில் கேட்டால், மாணவர்கள் இரண்டும் சரி என்பார்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு இப்படியான ஆஸ்பத்திரி 'மருத்துவக் கல்லூரி மருத்துவமனை'.