அழைத்த பள்ளியும் வந்த ஆசிரியரும்: திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் அயல்நாட்டுத் துணையாசிரியர் மரபு

அயல்நாட்டிலிருந்து துணையாசிரியர் ஒருவரை வரவழைத்துத் தங்கவைக்கும் பள்ளியில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: அவரால் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? அவருக்குப் பள்ளியும் ஊரும் எதைக் கற்றுத்தருகின்றன என்று கேட்பவர் குறைவு. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் அனுபவத்தைப் பார்த்தால், இரண்டாவது கேள்விக்கு இடம் தந்தபோதுதான் அயல்நாட்டார் வருகை நிலைத்த பயன் தந்திருக்கிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடி: எழும்பூர்

துணையாசிரியர் என்ற ஏற்பாடு மேற்கிலிருந்து வந்ததல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியருக்குத் துணையாக இளையவருக்குப் பாடம் சொல்லும் மூத்த மாணவராகச் சட்டாம்பிள்ளை இருந்தார். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லப் பள்ளியின் பொறுப்பை ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குப் பாடம் சொல்லும் முறையையும் வளர்த்தெடுத்தார். 1797-இல் லண்டனில் இதைப் பற்றி எழுதி வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தில் பரவிய அம்முறைக்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். கற்பிக்க வந்தவர் கற்றுக்கொண்டு போனதற்கு இது முதற்சான்று.

திண்டிவனம்: மூன்று அழைப்புகள்

1853-இல் ஸ்கடர் குடும்பத்தார் நிறுவிய அமெரிக்க ஆர்க்காடு மிஷனின் ஊர்களில் திண்டிவனமும் ஒன்று. அக்குடும்பத்தில் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, அமெரிக்காவில் நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தார். தாய் நோயுற்றதால் 1890-இல் திண்டிவனம் வந்தார். வீட்டையும் தாயையும் பார்த்துக்கொண்டு, சிறுமியர் பள்ளியையும் கவனித்தார். இங்கேயே தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

ஓர் இரவு பிராமணர் ஒருவர் வந்தார். மனைவி பிரசவ வேதனையில் இருந்தார். அடுத்து ஓர் இஸ்லாமியர், பிறகு மற்றோர் இந்துக் குடும்பத்தவர் என்று மூவரும் அதே துயரத்தோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டினர். ஐடாவின் தந்தை மருத்துவர்தான். ஆனால் ஆண் மருத்துவர் வருவதற்கு மூவருமே இசையவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. பகலில் பள்ளிக்கு வந்த சிறுமியர் எந்த வாழ்க்கையை நோக்கி வளர்கிறார்கள் என்பதை ஊர் அவருக்கு இரவில் கற்றுக்கொடுத்தது. அவர் அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகப் பட்டத்தோடு வேலூர் நோக்கிப் புறப்பட்டார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வேர் அது. அந்த வேரில் திண்டிவனத்து மண்ணும் ஒட்டியிருக்கிறது.

திருக்கோவிலூர்: யாருடைய பள்ளி?

தென்னார்க்காட்டில் டேனிஷ் மிஷனும் பள்ளிகள் நடத்தியது. 1916-இல் டென்மார்க்கிலிருந்து வந்து திருக்கோவிலூரில் பணியாற்றிய எஸ்தர் ஃபேரிங், 1909-இலேயே வந்திருந்த ஆன் மேரி பீட்டர்சனோடு 1917-இல் காந்தியின் ஆசிரமத்துக்குச் சென்றார். காந்தியோடு அவருக்கு வளர்ந்த நட்பை மிஷன் விரும்பவில்லை. அவர் பணியிலிருந்து விலகினார். பீட்டர்சனும் மிஷனை விட்டு வெளியேறி, பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கான தேசியப் பள்ளி தொடங்க முனைந்தார். 1921-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். பள்ளி அயல்நாட்டாரின் நோக்கத்துக்கு நடப்பதா, அயல்நாட்டார் பள்ளி நிற்கும் மண்ணின் நோக்கத்துக்கு உழைப்பதா என்ற கேள்விக்கு இவ்விருவரும் தம் வாழ்க்கையாலேயே விடை சொன்னார்கள்.

விடுதலைக்குப் பின்

1960களின் தொடக்கத்தில், ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய பயிற்சி தரும் இயக்கம் சென்னை மாநிலத்தில் நடந்தது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தருவதே அதன் வழி. வகுப்பறையில் வெள்ளைக்காரரை நிறுத்துவதைவிட உள்ளூர் ஆசிரியரை வலுப்படுத்துவதே பலருக்கும் பயன் தரும் என்ற தெளிவு அதில் இருந்தது.

1968-இல் வானூர் வட்டாரத்தில் ஆரோவில் உருவானதும் வருகை வேறு வடிவம் எடுத்தது. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம் பகுதிகளில் ஆரோவில்லைச் சார்ந்த பள்ளிகளில் கிராமத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். 2008-இல் ஜெர்மனி அரசு தொடங்கிய ‘வெல்ட்வெர்ட்ஸ்’ திட்டத்தில் 18 முதல் 28 வயது வரையுள்ளவர்கள், பெரும்பாலும் ஓராண்டுக்கு, அயல்நாடு சென்று தொண்டாற்றலாம். ஆரோவில்லுக்கும் அத்திட்டத்தில் இளைஞர்கள் வருகிறார்கள். மிஷன் காலத்தவருக்குப் பல ஆண்டுகள் இருந்தன, இவர்களுக்கு ஓராண்டுதான். எனவே கற்றுக்கொள்ள இவர்களுக்கு உதவும் பொறுப்பு அழைக்கும் பள்ளிக்குக் கூடியிருக்கிறது.

சட்டக் கடமையும் உண்டு. தங்க இடம் தருபவர் 24 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தில் வருகையைப் பதிய வேண்டும். செய்யும் பணிக்கு ஏற்ற விசாவும் தேவை. படிவம் நிரப்பியதோடு விருந்தோம்பல் முடிந்துவிட்டதாகப் பள்ளிகள் கருதக் கூடாது.

முடிபு

பெல் மணலில் கற்றார். ஐடா இரவில் தட்டப்பட்ட கதவில் கற்றார். ஃபேரிங்கும் பீட்டர்சனும் நாட்டின் எழுச்சியில் கற்றார்கள். கற்றவர்களால்தான் கொடுக்கவும் முடிந்தது. ஆகவே அயல்நாட்டுத் துணையாசிரியரை அழைக்கும் பள்ளிகள் மூன்றைச் செய்ய வேண்டும்: அவரை உள்ளூர் ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் விட வேண்டும், பாடத்தின் தலைமை அந்த உள்ளூர் ஆசிரியரிடமே இருக்க வேண்டும், வந்தவர் முதல் மாதத்திலேயே தமிழ் படிக்கத் தொடங்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விடலாம். சட்டாம்பிள்ளை மரபு நம்முடையதுதானே!