குரும்பையும் குரும்பாவும்

உத்திரமேரூர்க்காரனுக்கு சரித்திரம்னா முதல்ல குடவோலைதான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. அவனோட கொள்ளுப்பேரன் ராஜராஜன், கடல் நடுவே பன்னிரண்டாயிரம் பழைய தீவுகளைப் பிடித்ததாக அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. அது மாலத்தீவுதான் என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலரின் கருத்து.

ஆயிரம் வருஷம் கழிச்சு, படை இல்லாம, கல்யாணமான கையோட நானும் வீட்டம்மாவும் அங்கே ஒரு ரிசார்ட்ல போய் இறங்கினோம். முதல் நாள் முழுக்கக் கடலையே பார்த்தோம். ரெண்டாம் நாள் அவங்க கேட்டாங்க, "ஏங்க, இந்த ஊர் ஜனங்க எங்கே?"

நியாயமான கேள்வி. வேலையாட்களைத் தவிர அந்தத் தீவுல யாருமே இல்லை. ஒரு டீக்கடை கூடக் கிடையாது.

ஆனா ஆரம்பம் அப்படி இல்லை. 1972-ல் ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியர் கூட்டிவந்த முதல் பயணிகள் தங்கினது மாலே ஊருக்குள்ள, வீடுகள்ல. அதே வருஷம் அக்டோபர்ல, குடியில்லாத ஒரு தென்னந்தோப்புத் தீவுல 30 அறைகளோட முதல் ரிசார்ட் திறந்தது. பேர் குரும்பா. திவேஹி மொழியில இளநீர்க்காய்னு அர்த்தம். நம்ம குரும்பையேதான்!

அப்புறம் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்னே வளர்ந்தது. மதுவும் நீச்சலுடையும் ஒரு தீவுல, இஸ்லாமிய ஊர் வாழ்க்கை வேற தீவுல. 2009-க்குப் பிறகுதான் ஜனங்க வாழற தீவுகளிலும் விருந்தினர் விடுதி பெருகிச்சு. சாதாரணக் குடும்பங்களுக்கும் இதுல நாலு காசு பார்க்க வழி வந்தது.

புதுசா கல்யாணமாகி அங்கே போறவங்க ரெண்டு நாளாவது ஊர்த்தீவுல தங்குங்க. கடல் அங்கேயும் அதே நீலம்தான்.